அப்பாவின் இலையில் வைத்த தயிர்

முகிலா, சாப்பிட்டாயா? போனில் கேட்டால் "ம்" என்கிறாய். அந்த "ம்" சாப்பிட்டதற்கா, என்னை வாயை மூடச் சொல்வதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இதை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். ஊர் சிரிக்கும் என்று நீ பயப்படாதே. ஊர் சிரிக்க வேண்டியதெல்லாம் ஏற்கனவே சிரித்து முடித்துவிட்டது. மகனுக்கு எழுதுவதை மற்றவர்களும் ஏன் படிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது, போகப்போக உனக்கே புரியும்.

நியூசிலாந்துக்குக் கிளம்பியபோது விமான நிலையத்தில் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். நிமிர்ந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனவன் ஒரு தடவையாவது திரும்புவாய் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நீ திரும்பவில்லை. உன் அப்பாவுக்கும் இதே அழுத்தம்தான். கோபத்தில் கத்துவது நான், பேசாமல் கொல்வது நீங்கள் இரண்டு பேரும். கிள்ளானுக்குத் திரும்பி வரும் வழி முழுக்க டாக்ஸிக்காரத் தம்பி, "ஆன்டி, ஏர்கோன் பத்தலையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். எனக்கு வியர்த்ததாக நினைத்துக்கொண்டான், பாவம்.

தயிர் பேக்டரி என்று பெயர்தான், உனக்குத் தெரியாததா. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை, சிமெண்ட் தரை, வரிசையாக எவர்சில்வர் தொட்டிகள். அந்தத் தயிரில்தான் நீ வளர்ந்தாய். கோவில் அன்னதானம், கல்யாணம், பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் என்று அப்பா லோரியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவார். கடைக்காரர்கள் "அண்ணே, ஒங்க தயிர கவுத்தாலும் விழாது லா" என்பார்கள். அந்த ஒரு பேச்சுக்காகவே மனுஷன் மழையில் நனைந்துகொண்டு போவார். நேற்றைய தயிரில் கொஞ்சம் எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவோம், இன்றையதில் எடுத்து நாளைக்கு. ஒரு நாளும் அந்தச் சங்கிலி அறுந்ததில்லை. உன்னைப் பெற்ற அன்றுகூட அப்பா தொட்டிக்கு உறை ஊற்றிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதற்கு நான் பல வருஷம் சண்டை போட்டேன் என்பது தனிக்கதை.

ஒரு நாள் பால் உறையவில்லை. விடிந்ததும் மூடியைத் திறந்தால் முந்தின நாள் ஊற்றிய பால் பாலாகவே கிடந்தது. தொட்டால் வெதுவெதுப்பு, முகர்ந்தால் ஒரு புளிப்பும் இல்லை. ஒரு தொட்டி போனது. பிறகு இரண்டு. அப்பா பாலை மாற்றிப் பார்த்தார், தொட்டியைப் புளி போட்டுத் தேய்த்தார், வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார். கண் பட்டுவிட்டது என்று நானும் பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்ததுகூட எனக்குச் சந்தேகமாக இருந்தது. உறை பற்றவில்லையோ என்று இன்னும் நாலு கரண்டி கூட ஊற்றினோம். ஊற்ற ஊற்ற இன்னும் மோசமானது. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "கை ராசி போயிருச்சு" என்று தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கவலையோடு போர்ட் கிள்ளானுக்கு லோரி எடுத்துக்கொண்டு போனவர் சிக்னலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். தயிரால்தான் செத்தார் என்று நான் சொல்லவில்லை, டாக்டர் வேறு காரணம் சொன்னார். ஆனால் மனுஷன் தோற்றுப்போனவராகப் போனார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

காரியம் முடிந்த பிறகு நீ நம் தயிரை ஆய்வுக்கூடத்தில் சோதித்த முடிவோடு வந்து அடுப்பங்கரையில் நின்றதை நான் மறக்கவே மாட்டேன். பெட்டாலிங் ஜெயாவில் பால் கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று நீ வேலைக்குப் போனபோது, தயிர்க்காரன் மகன் தயிரையே படிக்கப் போனானாக்கும் என்று கேலி செய்தவள் நான். அன்றைக்கு நீ சொன்னாய்:

"அம்மா, யாரோட கண்ணும் இல்ல. வைரஸ்."

"தயிர சாப்பிட்ட நமக்கு ஒன்னும் வரலையே?"

"நமக்கு வராதும்மா. அது தயிர்ல இருக்கிற கிருமிக்கு மட்டும் வர்ற வைரஸ். பால உறைய வைக்கிறது ஒரு நல்ல கிருமி தானே? இது அதுக்குள்ள பூந்து, பெருகி, வெடிச்சு வெளிய வரும். அப்புறம் பக்கத்துல இருக்கிறதுக்குள்ள பூரும். கிருமி செத்துட்டா பால எது உறைய வைக்கும்?"

"அப்ப நாங்க கூடக் கூட உறை ஊத்துனோமே?"

நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நேற்றைய தயிரிலேயே அந்த வைரஸ் இருந்திருக்கிறது. நோயை நாங்களே கரண்டி கரண்டியாக அள்ளி ஊற்றியிருக்கிறோம். அப்பாவின் கை ராசி எங்கேயும் போகவில்லை என்று அவர் காதில் போய்ச் சொல்ல முடியுமா? அன்றைக்கு முழுக்க அழுதேன்.

கடையில் விற்கும் உறைப் பொடியை வாங்கிப் போட்டு ஓட்டினோம். தயிர் வந்தது, ஆனால் அது அப்பாவின் தயிர் இல்லை. வாயில் வழுவழுவென்று, ஒரு சுரணை இல்லாமல் இருந்தது. சில நாள் அதுவும் உறையாமல் காலை வாரிவிட்டது. நம் பழைய உறை பேக்டரியில் மொத்தமாகச் செத்துவிட்டிருந்தது. ஆனால் நீ கெட்டிக்காரன், வைரஸ் வருவதற்கு முன்பே ஒரு தடவை படிப்புக்காக எடுத்துப்போன அதை ஒரு சின்னக் குப்பியில் ஐஸாக்கிப் பத்திரமாக வைத்திருந்தாய். "அப்பாவோட கிருமி இன்னும் உயிரோட இருக்கும்மா" என்று நீ சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அதற்கு நோய் வராமல் பண்ணப் போகிறேன் என்றாய். எப்படி என்று கேட்டேன். "வாசக் காவல்ல இருக்கிற ஜாகா, கார்ட் ஹவுஸ்ல திருடன் போட்டோ ஒட்டி வச்சிருப்பாரு இல்ல? அவன் வந்தா உள்ள விட மாட்டாரு. இந்தக் கிருமியும் அப்படித்தான். ஒரு தடவ வந்த வைரஸோட ஒரு துண்ட தன் மரபணுவுல ஒட்டி வச்சுக்கும். மறுபடி வந்தா அடையாளம் கண்டு வெட்டிப் போட்டுரும். நம்ம கிருமிகிட்ட இந்த வைரஸோட போட்டோ இல்ல. அத நான் ஒட்டி விடுறேன்." இரண்டு வருஷம் அதற்காக உழைத்தாய். தீபாவளிக்குக்கூட முறுக்கை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாய். ஒரு நாள் மத்தியானம் போன் பண்ணி, "அம்மா, வைரஸ ஊத்திப் பார்த்தேன், பால் உறைஞ்சிருச்சு!" என்று கத்தினாய். பேக்டரியில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உடனே கொண்டு வா, நாளைக்கே உறை ஊற்றலாம் என்றேன். முடியாது என்றாய். மரபணு மாற்றியதை வெளியே விட அனுமதி வாங்க வேண்டும், பயோசேஃப்டி சட்டம் இருக்கிறது, வருஷக்கணக்காகும் என்றாய். எனக்கு அது ஏறவே இல்லை. தயிருக்கு எதற்கு சர்க்கார் அனுமதி? "பெரிய அணுகுண்டு பண்ணிட்ட மாதிரி பேசுறான்" என்று உன்னை நக்கல் செய்தேன். நீ சிரித்துக்கொண்டே போய்விட்டாய். உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம், தம்பி. நானும் உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

பிறகு அப்பாவின் திதி வந்தது, தைப்பூசத்துக்கு முந்தின வாரம். இலை போட்டு, அவருக்குப் பிடித்த கத்திரிக்காயும் வாழைக்காயும் வைத்தேன். நீ பையில் இருந்து ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தாய். மூடியைத் திறந்ததும் வாசனையில் எனக்குத் தெரிந்துவிட்டது, அப்பாவின் தயிர். "அப்பா ஒரு தடவ பார்க்கட்டும்மா. இது அப்பாவுக்கு மட்டும்தான். நம்ம தொடக் கூடாது, நாளைக்கு நான் திரும்ப எடுத்துக்கிட்டுப் போயிருவேன்" என்றாய். நீ சூடம் காட்டினாய். இரண்டு பேரும் அழுதோம். கிண்ணத்தைக் குளிர்பெட்டியில் வைத்தாய். மறுநாள் காலையில் வேலைக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள், எடுக்க மறந்து ஓடினாய்.

அன்றைக்குப் பார்த்துத்தான் தொட்டிகள் எல்லாம் உறையாமல் கிடந்தன. அடுத்த வாரம் பூசத்துக்குப் பத்துமலையில் நம் கிள்ளான் கோவில்காரர்கள் போடும் நீர்மோர்ப் பந்தலுக்கு நாம்தான் தயிர் கொடுப்பதாக வாக்கு. அப்பா காலத்தில் இருந்து கொடுக்கிறோம். வெயிலில் காவடி தூக்கி வருகிறவர்களுக்கு மோர் இல்லை என்று எப்படிச் சொல்வது? குளிர்பெட்டியைத் திறந்தேன். அப்பாவின் இலையில் வைத்த தயிர் அங்கே இருந்தது. நம் வீட்டில் படையல் முடிந்தால் இலையில் வைத்ததை வெளியே போடுவோமா? அவர் சாப்பிட்ட மிச்சம் என்று நாம்தானே பகிர்ந்து சாப்பிடுவோம்? நீ தொடாதே என்றது எனக்கு நினைவிருந்தது. அப்பாவுக்குப் படைத்த மரியாதைக்காகச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அவரே பார்த்துக் கையில் கொடுக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. கிண்ணத்தில் இருந்து ஒரு சட்டிப் பாலுக்கு உறை ஊற்றினேன், அது உறைந்ததும் சட்டியில் இருந்து வாளிக்கு, வாளியில் இருந்து தொட்டிகளுக்கு. கவிழ்த்தாலும் விழாத தயிர் வந்தது, முகிலா. எத்தனை நாள் கழித்து! கடைகளுக்கும் பந்தலுக்குமாக லோரி ஏற்றியபோது தயிர் வாளிகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பந்தலில் அத்தனை பேர் வாங்கிக் குடித்தார்கள். "ஆன்டி, மோரு சூப்பர் லா!" என்று ஒரு பையன் மறுபடியும் வந்து டம்ளரை நீட்டினான்.

பூசம் முடிந்துதான் நீ வீட்டுக்கு வந்தாய். வந்ததும் ஒரு டம்ளர் மோரை நீட்டி, "எப்படி இருக்கு பாரு" என்றேன். ஒரு வாய்தான் குடித்தாய். டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டாய்.

"அம்மா, இது எந்த உறை?"

"அப்பா கொடுத்த உறை."

நீ குளிர்பெட்டியைப் போய்த் திறந்து பார்த்தாய். கழுவிக் கவிழ்த்திருந்த கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாய். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "தப்பு என்னோடதும்மா. நான் வெளிய கொண்டு வந்திருக்கவே கூடாது. நாளைக்குப் போய்ச் சொல்லிடுறேன்" என்றாய். யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமா என்று கேட்டேன். ஆகாது, அதே கிருமிதான், ஆனாலும் அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியது நான் இல்லை என்றாய். அப்புறம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நான் பிடித்துக்கொண்டேன். "ஒருத்தனுக்கும் வயித்து வலிகூட வரல. யாருக்குடா தெரியப் போகுது?" என்று கெஞ்சினேன்.

"எனக்குத் தெரியுமேம்மா."

அவ்வளவுதான் சொன்னாய். மறுநாளே போய்ச் சொல்லிவிட்டாய். கிண்ணத்தை நீ கொண்டுவந்ததைச் சொன்னாய், தயிராக வெளியே போனதைச் சொன்னாய், என் மேல் ஒரு சொல் பழி போடவில்லை. அதிகாரிகள் வந்தார்கள். அந்த மலாய்க்கார அம்மா ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாள், அத்தை முறை வைத்து என்னை மக்சிக் என்றே கூப்பிட்டாள். தொட்டி, வாளி, கரண்டி எல்லாவற்றிலும் ப்ளீச் ஊற்றிப் பேக்டரியை மூடினார்கள். வாங்கிய கடைகளுக்கெல்லாம் நானே போன் போட்டு, மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள் என்று சொன்னேன். ஆய்வுக்கூடத்தில் உன் ஆராய்ச்சியை மூடினார்கள். குப்பிகளையெல்லாம் நீயே நீராவியில் வைத்து அழித்துவிட்டு, ஒன்றும் மிச்சமில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். அப்பாவின் பழைய கிருமியும் அதோடு போயிற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக வேலையும் போனது. அன்றைக்குச் சாயங்காலம் ப்ளீச் நாற்றத்தின் நடுவில் நின்று நான் உன்னைப் பார்த்துக் கத்தினேன்: "ஒங்கப்பா ஒரு தடவதான்டா செத்தாரு. நீ அவர ரெண்டாவது தடவ சாகடிச்சிட்ட!"

அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமென்றால் என் நாக்கையே கொடுத்துவிடுவேன். நீ அதற்குப் பிறகுதான் நியூசிலாந்து வேலைக்கு எழுதிப் போட்டாய். அங்கே ஏதோ சீஸ் தொழிற்சாலையில் பாலில் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை. கண்டுபிடிக்கிற மூளையை எண்ணிப் பார்க்கிற வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம்தான். ஆனாலும் போன இடத்தில் நன்றாக இரு. ஸ்வெட்டரை உள்ளே போட்டுக்கொள். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்து, அவளிடம் எதையாவது தொடாதே என்று சொன்னால், ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லு. அவள் உன்னிடம் ஒன்று சொன்னால் நக்கல் பண்ணாமல் கேளு. இந்த இரண்டையும் நம் வீட்டில் யாரும் செய்யவில்லை.

இனி, போனில் சொல்ல முடியாமல் போனதைச் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைப் பரமேஸ்வரியை உனக்குத் தெரியும், சின்ன வயதில் உனக்குச் சாமந்திப்பூ கொடுத்துக் கண்ணடிப்பாளே, அவள்தான். போன செவ்வாய்க்கிழமை என்னைப் பார்க்க ரயிலேறி வந்தாள். வந்ததும் வராததுமாகப் பையில் இருந்து ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"கண்ண மூடிக்கிட்டு வாசனை புடிங்கக்கா."

எனக்குக் கண்ணை மூட வேண்டிய அவசியமே இல்லை. மூடியைத் திறந்ததும் அப்பா அறைக்குள் வந்தது போல இருந்தது.

"பூசத்தன்னிக்குப் பந்தல்ல நீங்களே எனக்கு ஒரு டப்பால ஊத்திக் கொடுத்தீங்களே, மறந்துட்டீங்களா? அதுல இருந்து நான் விடாம உறை ஊத்திக்கிட்டே வரேன். ஒங்க பேக்டரி மூடிட்டாங்கன்னு கேள்விப்பட்டதும் அண்ணனோட தயிரு அழிஞ்சிறக் கூடாதேன்னுதான்க்கா..." என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தனை கூட்டத்தில் நான் கொடுத்திருக்கிறேன். பில் போட்ட கடைகளைத்தான் நினைத்தேனே தவிர, இவள் எனக்கு நினைவுக்கே வரவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்தத் தூக்கில் அப்பா இருந்தார், உன் இரண்டு வருஷ உழைப்பு இருந்தது. அந்த வைரஸால் இனி அதைத் தொட முடியாது. மறுநாளே தொட்டியைக் கழுவி இதை ஊற்றினால் எல்லாம் பழையபடி வந்துவிடும் என்று மனசு ஓடியது. நான் ஒன்றும் சாமியார் இல்லை, ஓடத்தான் செய்தது. அப்புறம் நீ கையெழுத்துப் போட்டது நினைவுக்கு வந்தது. ஒன்றும் மிச்சமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். இந்தத் தூக்கு இருக்கிறவரைக்கும் என் பிள்ளை எழுதியது பொய்.

எழுந்து போய் ப்ளீச் பாட்டிலை எடுத்து வந்தேன். பரமேஸ்வரி பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, என்னக்கா பண்றீங்க! விடுங்கக்கா! நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். யாருக்குக்கா தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே, பரமேஸ்" என்றேன்.

ஊற்றினேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது, பார்க்க ஒரு மாற்றமும் இல்லை. வாசனை மட்டும் போய்விட்டது. அவளோடு அப்போதே கோமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போய் அவள் வீட்டுச் சட்டியிலும் ஊற்றினேன். பிறகு அந்த அதிகாரி அம்மாவுக்குப் போன் போட்டு, "இன்னும் ஒரு வீட்டில் இருந்தது, நான்தான் கொடுத்திருக்கிறேன், என் மகனுக்குத் தெரியாது" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவள் அந்த வீட்டு முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு "தெரிமா காசே, மக்சிக்" என்று நன்றி சொன்னாள். இதைப் படிக்கிறவர்களில் யாராவது பத்துமலைப் பந்தலில் என் கையால் தயிர் வாங்கி, வீட்டில் இன்னும் உறை ஊற்றிக்கொண்டிருந்தால், தயவுசெய்து நீங்களும் ப்ளீச் ஊற்றிவிடுங்கள். நல்ல தயிர்தான், கெடுதல் ஒன்றும் வரவில்லை. ஆனால் என் மகன் வார்த்தை கொடுத்திருக்கிறான்.

நீ அப்பாவைச் சாகடிக்கவில்லை, முகிலா. செத்துப்போனவரை உயிரோடு கொண்டுவந்து இலையில் வைத்தவன் நீ. இரண்டாவது தடவை சாகடித்தது யார் என்று கேட்டால், அது இந்தக் கைதான். தெரிந்தேதான் செய்தேன். இனி நீ என் முகத்தைப் பார்க்கலாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ப்ளீச் ஊற்றுவதற்கு முன்னால் அதில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அப்பாவின் தயிரேதான். அப்படிச் சாப்பிட்டதையும் அந்த அதிகாரி அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.